வால்யூமைத் தொட்டாலே வீடு அதிருகிறது: வால்வு ப்ரீஆம்ப் கெயினை எப்படிக் குறைப்பது?

வடசேரிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பழைய வால்வு ப்ரீஆம்ப் ஒன்று வாங்கியிருக்கிறேன். யாரோ கையால் கட்டியது, சானலுக்கு ஒரு 12ஏயு7 வால்வு (டியூப்), அதன் முதல் பாதி கெயின், அதாவது சிக்னலைப் பெருக்குவது, மறுபாதி கேத்தோட் ஃபாலோயர், மேலும் பெருக்காமல் வெளியே ஓட்டிவிடுவது. பவர் ஆம்ப் டிரான்சிஸ்டர், 60 வாட். ஸ்பீக்கர் 89 டெசிபல் (1 வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில்). பாட்டு கணினியில் இருந்து டிஏசி (டிஜிட்டலை அனலாக் சிக்னலாக்கும் பெட்டி) வழியாக வருகிறது. சத்தத்தில் குறையே இல்லை, குரல் அப்படியே முன்னால் வந்து நிற்கிறது. தொல்லை வால்யூம் குமிழில்தான். ஏழு மணி நிலையில் சுழி, எட்டு மணிக்குள் ஹால் அதிர ஆரம்பித்துவிடும், ஒன்பதை நான் பார்த்ததே இல்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு மெதுவாக வைக்கலாம் என்றால் இடது பக்கம் மட்டும் பாடுகிறது, வலது பக்கத்தைக் காணோம், இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் இரண்டும் சேர்ந்து கத்துகிறது. அப்புறம் பாட்டு ஓடாத நேரத்திலும் ஒரு 'உஸ்', குமிழை முழுக்கக் குறைத்தாலும் அது போகவில்லை. விற்றவரிடம் கேட்டால் வால்வு என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார். வேறு டியூப் போட்டால் சரியாகுமா, இல்லை கைமாற்றி விட்டுவிடலாமா?

பூதப்பாண்டி பழசு:
விற்காதீர்கள் தம்பி. முதலில் டியூபை மாற்றிப் பாருங்கள். இப்போது வருகிற டியூப் எல்லாம் இரைச்சல்தான். பழைய ஐரோப்பிய இசிசி82 (12ஏயு7இன் ஐரோப்பியப் பெயர்) ஒரு ஜோடி கிடைத்தால் உஸ் பாதி அடங்கிவிடும். கெயின் குறைய வேண்டும் என்றால் 12ஏஒய்7 போட்டுப் பார்க்கலாம்.

தக்கலை ஓம்:
12ஏஒய்7 போட்டால் கூடும் அண்ணா, குறையாது. அதன் மியூ (டியூபின் பெருக்கும் திறன்) 40க்கு மேல், 12ஏயு7க்கு 17இல் இருந்து 20 வரை. கிட்டார் ஆம்பில் 12ஏஎக்ஸ்7ஐ எடுத்துவிட்டு 12ஏஒய்7 போட்டுக் குறைப்பார்கள், அது 100இல் இருந்து இறங்குவது. இவர் ஏற்கெனவே அந்த வரிசையின் அடிப்படியில் நிற்கிறார். அதற்கும் கீழே 12பிஎச்7 இருக்கிறது, மியூ ஏறக்குறைய 16.5, ஆனால் ஹீட்டர் இரண்டு மடங்கு கரன்ட் கேட்கும், 6.3 வோல்ட்டில் 0.6 ஆம்பியர். இவருடைய டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்று தெரியாமல் ஒரு டெசிபலுக்காக அதை மாட்டுவது வீண். 6டிஜே8ஐ யாராவது மாட்டச் சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், சாக்கெட் பொருந்தும், ஹீட்டர் பின் வேறு.

வடசேரி, டியூபுக்குக் காசு போடும் முன் மூன்று எண் வேண்டும். மல்டிமீட்டர் இருக்கிறதா? ஏசி மில்லிவோல்ட் வருகிற ஒன்று போதும். 200 ஹெர்ட்ஸ் சைன் அலை ஃபைல் ஒன்று இறக்கிக்கொள்ளுங்கள், உச்சத்துக்கு 20 டெசிபல் கீழே பதிந்தது. ஆயிரம் ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர் அங்கே சரியாகக் காட்டாது. பவர் ஆம்புக்குப் போகிற கேபிளைப் பிடுங்கிவிட்டு ப்ரீஆம்ப் குமிழை முழுக்கத் திறந்து, டிஏசி வெளியே எவ்வளவு, ப்ரீஆம்ப் வெளியே எவ்வளவு என்று அளந்து போடுங்கள். அப்புறம் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, உச்சத்துக்கு 40 டெசிபல் கீழான ஃபைலை டிஏசியில் இருந்து நேராகப் பவர் ஆம்புக்குக் கொடுத்து ஸ்பீக்கர் முனையில் அளக்கவும். மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே இருநூறு முந்நூறு வோல்ட் டிசி, சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் நிற்கும்.

குழித்துறை நேரடி:
எனக்கு ஒன்று புரியவில்லை. 2 வோல்ட் தருகிற டிஏசி இருக்கும்போது எதற்கு ப்ரீஆம்ப்? நேராகக் கொடுத்துவிட்டு கணினியிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாமே. 24 பிட்டில் 20 டெசிபல் குறைத்தால் மூன்று மூன்றரை பிட் போகும், 16 பிட் பாட்டுக்கு அது ஒன்றுமே இல்லை.

வடசேரிக்காரன்:
நேராகவும் கேட்டுப் பார்த்தேன் அண்ணா, சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு வால்வுதான் பிடித்திருக்கிறது. அடுத்து ஒரு ரெக்கார்டு பிளேயரும் வாங்கும் எண்ணம் உண்டு.

தக்கலை அண்ணா, அளந்தாயிற்று. டிஏசி 0.2 வோல்ட். ப்ரீஆம்ப் 2.7. பவர் ஆம்ப் உள்ளே 0.02, வெளியே 0.56. ப்ரீஆம்போடு வந்த கைப்படத்தில் பிளேட் ரெசிஸ்டர் 47 கிலோ ஓம், கேத்தோட் 1.5 கிலோ ஓம், வெளியே போகும் கண்டன்சர் 1 மைக்ரோ ஃபாரட் என்று எழுதியிருக்கிறது. பவர் ஆம்பின் பின்பக்கத் தகட்டில் இன்புட் 47 கிலோ ஓம்.

தக்கலை ஓம்:
அருமை, இது போதும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் ப்ரீஆம்ப் 13.5 மடங்கு பெருக்குகிறது, ஏறக்குறைய 22.6 டெசிபல். கைப்படமும் அதையே சொல்கிறது: 17 மியூ, 7.7 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டன்ஸ் என்று வைத்தால் முதல் பாதி 14.6 மடங்கு, ஃபாலோயர் அதில் சிறிது தின்னும். அப்படியென்றால் டியூப் நல்ல நிலையில் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். பவர் ஆம்ப் 28 மடங்கு, 29 டெசிபல். 60 வாட் 8 ஓமில் என்றால் 22 வோல்ட், அதை 28ஆல் வகுத்தால் 0.78. அதாவது 0.78 வோல்ட் வந்தாலே உங்கள் பவர் ஆம்ப் முழு மூச்சில் ஓடும். டிஏசி 2 வோல்ட் தருகிறது, அதை ப்ரீஆம்ப் 27 ஆக்குகிறது. 0.78 கேட்கிற இடத்தில் 27 வந்து நிற்கிறது! 31 டெசிபல் உபரி.

இது முழு மூச்சுக் கணக்கு. வடசேரியில் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிற வீட்டில் அப்படி யாரும் கேட்கப்போவதில்லை. 89 டெசிபல் ஸ்பீக்கரில் பாட்டின் உச்சத்துக்கு 1 வாட் போனாலே சராசரி சத்தம் 75 பக்கம் வந்துவிடும், நிம்மதியாகக் கேட்கும் அளவு அதுதான். 1 வாட்டுக்கு ஸ்பீக்கரில் 2.83 வோல்ட், பவர் ஆம்ப் உள்ளே 0.1 வோல்ட். 27ஐ 0.1 ஆக்க உங்கள் குமிழ் 49 டெசிபல் குறைக்க வேண்டும். ராத்திரிக்கு இன்னும் ஒரு 15 சேர்த்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கார்பன் குமிழில் அந்த அடிமுனையில் இரண்டு பட்டையும் ஒரேமாதிரி இருப்பதே அபூர்வம். நல்ல கம்பெனிக் குமிழும் நடுவில்தான் ஒழுங்காக நடக்கும், அடியில் இரண்டு மூன்று டெசிபல் விலகும். உங்கள் வலது பக்கம் காணாமல் போவது அங்கேதான், ஆம்பில் பழுது எதுவும் இல்லை.

இனி அந்த உஸ். குமிழ் எங்கே இருக்கிறது? டியூபுக்கு முன்னால். குமிழை மூடினால் பாட்டு நிற்கும், டியூபின் இரைச்சல் நிற்காது, அது குமிழைத் தாண்டிப் பிறக்கிறது. அதை அப்படியே பவர் ஆம்ப் 28 மடங்காக்குகிறது. ப்ரீஆம்ப் வெளியே 0.3 மில்லிவோல்ட் இரைச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள், வால்வுக்கு அது சாதாரணம். ஸ்பீக்கரில் 8.4 மில்லிவோல்ட், ஒரு மீட்டர் தூரத்தில் 38 டெசிபல். ஃபேன் ஓடும்போது தெரியாது, மார்கழியில் ஃபேனை நிறுத்தினால் தெரியும்.

ஆகவே சத்தத்தைக் குறைக்கும் இடம் முக்கியம். டிஏசி பக்கம் குறைத்தால் (கணினியில் குறைப்பதும் அதில் சேர்த்திதான்) குமிழ் மேலே ஏறும், ஆனால் உஸ் அப்படியே இருக்கும். ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் குறைத்தால் பாட்டோடு சேர்த்து உஸ்ஸும் குறையும், குமிழும் ஏறும். பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர்: 47 கிலோ ஓம் தொடரில், 10 கிலோ ஓம் தரைக்கு. பவர் ஆம்பின் சொந்த 47 கிலோ ஓமையும் சேர்த்துக் கணக்கிட்டால் 16.5 டெசிபல் குறையும். 38 இருந்த இரைச்சல் 22க்குப் போய்விடும். ப்ரீஆம்புக்குத் தெரிகிற சுமை 55 கிலோ ஓம், 1 மைக்ரோ கண்டன்சரோடு 3 ஹெர்ட்ஸ் வரை பாஸ் இறங்காது.

அதை வைக்கும் இடம் பவர் ஆம்ப் முனை, ப்ரீஆம்ப் முனையில் வேண்டாம். அந்த ஜோடிக்கு அப்புறம் வழி 8 கிலோ ஓம் கனத்தில் இருக்கும், அதோடு நீளக் கேபிளின் கெபாசிட்டன்ஸ் சேர்ந்தால் ட்ரெபிள் மழுங்கும். முனையிலேயே வைத்தால் அந்தப் பேச்சே இல்லை.

பூதப்பாண்டி பழசு:
கணக்கெல்லாம் சரி தம்பி. ஆனால் ஆயிரக்கணக்கில் கொட்டி வால்வு வாங்கி, கடைசியில் பத்துப் பைசா ரெசிஸ்டரைப் பாட்டின் வழியில் குறுக்கே போடுவதா? உயிர் போய்விடும். 1958இல் வந்த மராண்ட்ஸ் 7 ப்ரீஆம்பில் ஆறு 12ஏஎக்ஸ்7, அவ்வளவு கெயின் வைத்துத்தான் கட்டினார்கள், அவர்களுக்குத் தெரியாததா?

தக்கலை ஓம்:
அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் காலத்தில் டியூனரும் டேப்பும் கால் வோல்ட், அரை வோல்ட் என்று கொடுத்தன, ரெக்கார்டு ஊசி சில மில்லிவோல்ட். வாங்கிக்கொள்ளும் பவர் ஆம்பும் அன்று அதிகம் கேட்டது, குவாட் 2 என்ற பழைய வால்வு பவர் ஆம்ப் தன் 15 வாட்டுக்கு 1.4 வோல்ட் கேட்கும். நடுவில் இருந்த பள்ளத்தை ப்ரீஆம்ப் நிரப்பியது. 1982இல் சிடி வந்தபோது 2 வோல்ட் வழக்கமாகிவிட்டது, பள்ளமே மூடிப்போயிற்று. ப்ரீஆம்ப் சர்க்யூட் மட்டும் பழைய பள்ளத்தை மனதில் வைத்தே இன்னும் கட்டப்படுகிறது.

ரெசிஸ்டர் உயிரை எடுக்கும் என்றால், அந்த வால்யூம் குமிழ் என்ன? அதுவும் தொடரில் ஒன்று, தரைக்கு ஒன்று என்று இரண்டு ரெசிஸ்டர்தான், கூடவே தேய்கிற ஒரு தொடுமுனை. இப்போது 49 டெசிபலையும் அதுதான் விழுங்குகிறது. அதில் 16ஐ நகராத மெட்டல் ஃபிலிமுக்கு மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

உங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று இதில் இருக்கிறது, கேளுங்கள். வால்வின் இனிமை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இரண்டாம் ஹார்மோனிக் (சுரத்தின் இரட்டை அதிர்வெண்ணில் டியூப் தானாகச் சேர்க்கும் ஒலி). டியூப் எவ்வளவு வோல்ட் ஆட்டுகிறதோ அந்த அளவுக்கு அது கூடும். இப்போது இவருடைய டியூப் வெளியே 0.1 வோல்ட்டுக்காகத் தூங்கி வழிகிறது. பின்னால் 16.5 டெசிபல் குறைத்தால் அதே சத்தத்துக்கு டியூப் 0.67 வோல்ட் ஆட்டும், இரண்டாம் ஹார்மோனிக் விகிதம் ஆறேழு மடங்காகும். அப்போதும் சிறிதுதான், ஆனால் வால்வின் குணம் வேண்டும் என்பவர்கள் கெயினைப் பின்னால்தான் வெட்ட வேண்டும்.

பூதப்பாண்டி பழசு:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சண்டையே வந்திருக்காது.

திங்கள்சந்தை மைக்செட்:
இதெல்லாம் எங்கள் மைக் செட் வேலையில் தினசரி நடப்பது. கோயில் கொடைக்கோ, கோயில்பங்குத் திருநாளுக்கோ செட் போட்டால் முதல் வேலை பவர் ஆம்ப் முகப்பில் இருக்கிற குமிழைப் பின்னால் தள்ளுவது. முழுக்கத் திறந்து வைத்துவிட்டு மிக்சரில் அடக்கினால் ஹார்னில் உஸ் கேட்டுக்கொண்டே இருக்கும், சாமியார் பிரசங்கத்துக்கு நடுவில் மூச்சு விட்டாலும் கேட்கும். வீட்டுக்காரர்களும் பவர் ஆம்பில் லெவல் குமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் ரெசிஸ்டரே வேண்டாம். நிறையப் பேர் அதைக் குறைத்தால் வாட் குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். ஒரு வாட்டும் குறையாது, முழு மூச்சுக்கு உள்ளே கொஞ்சம் கூடுதல் வோல்ட் கேட்கும், அவ்வளவே.

வடசேரிக்காரன்:
என்னுடையதில் சுவிட்சும் சிவப்பு விளக்கும்தான் அண்ணா, வேறு ஒன்றும் கிடையாது.

மார்த்தாண்டம் மாணவன்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஹாஸ்டலில் என்னிடம் இருப்பது ஆன்லைனில் வாங்கிய 6ஜே1 வால்வு ப்ரீஆம்ப் போர்டும், டிபிஏ3116 சிப் வைத்த கிளாஸ் டி பவர் ஆம்ப் போர்டும், 24 வோல்ட் சப்ளையும். எனக்கும் இதே கொசு ரீங்காரம். இந்த 47ம் 10ம் எனக்கும் ஒத்துவருமா?

தக்கலை ஓம்:
உனக்கு வேறு வழி இருக்கிறது தம்பி, அதைவிட நல்லது. அந்த சிப்பின் கெயினை மாற்றலாம். 20, 26, 32, 36 டெசிபல் என்று நான்கு நிலை, சிப்பின் கெயின் பின்னுக்குப் போகும் ரெசிஸ்டர் ஜோடி எந்த நிலை என்று தீர்மானிக்கிறது. டேட்டாஷீட்டில் அட்டவணை இருக்கும், உன் போர்டில் என்ன மதிப்பு என்று லென்ஸ் வைத்துப் பார். 36இல் இருந்தால் இன்புட் வெறும் 9 கிலோ ஓம், 32க்கு 15, 26க்கு 30, 20க்கு 60. அதாவது கெயினைக் குறைக்கக் குறைக்க வால்வுக்கு விழுகிற சுமையும் லேசாகிறது. 20 டெசிபலில் வைத்தால் 24 வோல்ட் சப்ளையில் முழு மூச்சுக்கு 1.6 வோல்ட் போதும், 2 வோல்ட் டிஏசி தானாகவே அதைத் தாண்டும். ஃபோனில் இருந்து நேராகக் கொடுக்கிறாய் என்றால் ஃபோன் அவ்வளவு தராது, அப்போதுதான் 6ஜே1இன் கெயினுக்கு வேலை. அந்த ரெசிஸ்டர் கடுகளவு இருக்கும். ஊசிமுனை இரும்பும் நல்ல கண்ணும் இல்லையென்றால் மார்த்தாண்டத்தில் செல்ஃபோன் சரிசெய்கிற கடையில் கொடு, அவர்களுக்கு அது ஐந்து நிமிஷ வேலை.

மார்த்தாண்டம் மாணவன்:
பார்த்துவிட்டேன், 26இல் இருக்கிறது. சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். நன்றி அண்ணா.

குளச்சல் காற்று:
கணக்குப் போடுகிறவர்கள் உப்பை மறந்துவிடுகிறீர்கள். குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் இருக்கிறவர்கள் வீட்டில் இந்த உஸ்ஸோடு 'கரகர' என்று ஒன்றும் சேர்ந்து வரும். அது டியூபின் இரைச்சல் அல்ல. ஆர்சிஏ சாக்கெட்டையும் (ஆடியோ கேபிள் சொருகும் இடம்) டியூப் காலையும் உப்புக்காற்று அரித்திருக்கும். கரன்டைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, டியூபை நேராக மேலே இழுத்துக் கழற்றி, பின் ஒவ்வொன்றையும் காண்டாக்ட் கிளீனர் தொட்ட துணியால் துடைத்துத் திரும்ப மாட்டினாலே பாதிக் கரகரப்பு போய்விடும். ஆனியாடி மழையில் வீடே ஈரமாக இருக்கும்போது வாரம் ஒருமுறையாவது ஆம்பை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள், அந்தச் சூட்டுக்கே உள்ளே உலரும்.

கன்னியாகுமரி முனை:
எல்லாரும் கெயினைக் கெட்டபையன் ஆக்கிவிட்டீர்கள். எனக்கு நேர்மாறான கதை. நான் கட்டியிருப்பது நெல்சன் பாஸின் ஃபர்ஸ்ட் வாட் எஃப்4 சர்க்யூட், பவர் ஆம்ப்தான், ஆனால் வோல்டேஜ் கெயின் சுழி டெசிபல், அதாவது உள்ளே வரும் வோல்ட்டைப் பெருக்கவே பெருக்காது. 25 வாட்டுக்கு 8 ஓமில் 14 வோல்ட் வேண்டும், அந்த 14ஐயும் ப்ரீஆம்பேதான் தர வேண்டும். டிஏசியின் 2 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அரை வாட் வரும். டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப் பலதும் ஏழெட்டு வோல்ட்டிலேயே மூச்சு வாங்கும். வடசேரியின் 13.5 மடங்கு ப்ரீஆம்பை என்னிடம் கொடுத்தால் அச்சுக்குப் பொருந்தும். விற்கிறீர்களா?

வடசேரிக்காரன்:
இப்போது விற்க மாட்டேன் அண்ணா. 😀

குழித்துறை நேரடி:
ஒரு சந்தேகம். வெளியே ரெசிஸ்டர் ஒட்டுவதற்குப் பதில் உள்ளே கேத்தோட் ரெசிஸ்டருக்கு இணையாக இருக்கிற பைபாஸ் கண்டன்சரைக் கழற்றிவிட்டால் கெயின் குறையாதா?

தக்கலை ஓம்:
குறையும், ஆனால் இவருக்குப் போதாது. 14.6 மடங்கு 9.8 ஆகும், அதாவது மூன்றரை டெசிபல். இவருக்குத் தேவை 16. கேத்தோட் ஃபாலோயர் பின்னால் இருப்பதால் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியே போகும் வழியின் தடை) கெடாது, சரி. ஃபாலோயர் இல்லாமல் பிளேட்டில் இருந்தே நேராக வெளியே எடுக்கிற 12ஏஎக்ஸ்7 ப்ரீஆம்பில் இதைச் செய்தால் கதை வேறு. அங்கே 61 மடங்கு 32 ஆகும், கூடவே அவுட்புட் இம்பீடன்ஸ் 38 கிலோ ஓமில் இருந்து 68க்கு ஏறும். அதைக் கொண்டுபோய் 10 கிலோ ஓம் கிளாஸ் டியில் சொருகினால் பாட்டு தண்ணீர் மாதிரி ஆகிவிடும். எப்படியானாலும் அது மூடியைத் திறக்கிற வேலை. பழகியவர்கள் செய்யட்டும்.

ஆன்லைனில் ஆயத்தமாக வரும் ஆர்சிஏ அட்டனுவேட்டரைப் (இதேபோல் ரெசிஸ்டர் வைத்துச் சத்தம் குறைக்கும் பிளக்) பற்றி உள்பெட்டியில் ஒருவர் கேட்டார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வால்வுக்கு வாங்கும்போது உள்ளே எத்தனை ஓம் என்று மீட்டரில் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். மொத்தச் சுமை 10 கிலோ ஓம் என்றும், ப்ரீஆம்பின் கண்டன்சர் 0.47 மைக்ரோ என்றும் வைத்தால் 34 ஹெர்ட்ஸிலேயே பாஸ் சரியத் தொடங்கும். தவில் கேட்கிற வீட்டில் அது உடனே தெரிந்துவிடும்.

வடசேரிக்காரன்:
வேலை முடிந்தது. ரெசிஸ்டர் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம், கால் வாட், மொத்தமே டீக்காசுதான். இருந்த கேபிளிலேயே பவர் ஆம்ப் பக்க ஆர்சிஏ பிளக்கின் மூடியைத் திருகி நடு வயரைப் பற்றவைப்பில் இருந்து விடுவித்து, 47 கிலோவின் ஒரு காலை அந்த வயரிலும் மறுகாலை நடுப்பின்னிலும் வைத்துப் பற்றவைத்தேன். 10 கிலோவை நடுப்பின்னில் இருந்து பக்கத்தில் இருக்கிற தரைத் தகட்டுக்குக் குறுக்காக. இரண்டு ரெசிஸ்டரின் காலும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க மெல்லிய ஸ்லீவ் போட்டால்தான் உலோக மூடி உள்ளே போகிறது, மூடி உட்பக்கத்தில் உரசினால் ஷார்ட்டாகிவிடும். மாட்டுவதற்கு முன் நடுப்பின்னுக்கும் தரைக்கும் மீட்டர் வைத்தேன், 10 கிலோ காட்டியது. கேபிளின் மறுமுனையில் இருந்து பார்த்தால் 57.

இப்போது குமிழ் பகலில் பத்தரை பதினொன்றில் நிற்கிறது, ராத்திரி ஒன்பதரை. இரண்டு பக்கமும் சேர்ந்தே இறங்குகிறது, சேர்ந்தே ஏறுகிறது. ட்வீட்டரில் காதை ஒட்டினால்தான் உஸ். ஆனால் அது அடங்கிய பிறகு அடியில் ஒரு 'ம்ம்ம்' இருப்பது தெரிகிறது, இதுவரை உஸ்ஸில் மறைந்திருந்தது போல. கணினி ஓடும்போது மட்டும்.

தக்கலை ஓம்:
கணினி ஓடும்போது மட்டும் என்றால் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். தரைச் சுற்று, அதாவது இரண்டு கருவியின் எர்த்தும் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் இணைந்து ஹம் உண்டாக்குவது. கணினியும் ஆம்பும் வேறுவேறு பிளக் பாயின்டில் இருக்கிறதா? இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அப்போது ஹம் நின்றால் டிஏசியின் யுஎஸ்பி வயரில் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் தீரும், ஆப்டிகல் வழி இருந்தால் அதைவிட மலிவு.

எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், மூன்று பின்னை இரண்டாக்கும் வித்தையும் வேண்டாம். ஹம் போய்விட்டது என்று சந்தோஷமாக இருப்பீர்கள், உள்ளே 230 வோல்ட் வயர் ஒன்று சேசிஸில் பட்டால் அந்தக் குமிழைத் தொடுகிற கைக்குத்தான் வரும். பழைய ஓட்டு வீடுகளில் மூன்றாம் துளையில் வயரே இருக்காது, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

திங்கள்சந்தை மைக்செட்:
கரன்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஐப்பசி இடிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகும் வரும் என்று கணக்கில்லை. கரன்ட் திரும்பி வரும்போது டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் உடனே விழித்துவிடும், வால்வு சூடாக அரை நிமிஷம் ஆகும், அந்த இடைவெளியில் ப்ரீஆம்பின் வெளிக் கண்டன்சர் சார்ஜ் ஆகும்போது ஸ்பீக்கரில் 'டொம்' என்று ஒரு அடி விழும். கரன்ட் போனதும் பவர் ஆம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள். போடும்போது ப்ரீஆம்ப் முதலில், பவர் ஆம்ப் கடைசியில், அணைக்கும்போது தலைகீழ். இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்றால் அதில் வால்வை ஓட்டாதீர்கள், டிரான்ஸ்பார்மர் ரீங்காரம் போடும். இடி நெருங்கினால் பிளக்கையே பிடுங்கிவிடுவது நல்லது.

வடசேரிக்காரன்:
சார்ஜரைப் பிடுங்கியதும் ஹம் நின்றுவிட்டது. டிஏசியில் ஆப்டிகல் இருக்கிறது, கேபிள் சொல்லியிருக்கிறேன். கடைசியாக ஒன்று: இவ்வளவு கெயினை வெட்டிவிட்ட பிறகு ரெக்கார்டு பிளேயர் வந்தால் சத்தம் போதாமல் போகுமா?

தக்கலை ஓம்:
போகாது. சாதாரண எம்எம் (மூவிங் மேக்னட்) ஊசி 5 மில்லிவோல்ட் தரும், 40 டெசிபல் ஃபோனோ ஸ்டேஜ் (ரெக்கார்டு ஊசிக்கான தனி ப்ரீஆம்ப்) அதை அரை வோல்ட் ஆக்கும். அரை வோல்ட் உங்கள் டியூபில் 6.75, அட்டனுவேட்டர் தாண்டி 1 வோல்ட். பவர் ஆம்ப் கேட்பது 0.78. குமிழை முழுக்கத் திறந்தால் அப்போதும் 60 வாட்டும் வரும். டிஏசியில் இருந்து ரெக்கார்டுக்கு மாற்றும்போது 12 டெசிபல் சத்தம் இறங்குவதுதான் எரிச்சலாக இருக்கும், திரும்ப மாற்றும்போது திடுக்கிட வைக்கும். அதற்கு டிஏசியை மட்டும் கணினியில் 12 டெசிபல் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். குழித்துறை அண்ணன் சொன்ன அதே வித்தைதான், இந்த இடத்தில் அது சரியான வேலை.

குழித்துறை நேரடி:
ஒருவழியாக என்னையும் ஒத்துக்கொண்டீர்கள். ஃபோனோ ஸ்டேஜும் வால்வா, இல்லை ஐசியா? வால்வு என்றால் புது இழை தொடங்குங்கள், அந்த 5 மில்லிவோல்ட்டில் ஹம் கதை இதைவிட நீளம்.